கோப்பு யாருடையது?

1989 டிசம்பர் 4ஆம் திகதி காலை, கிழக்கு ஜேர்மனியின் ஏர்ஃபுர்ட் நகரத்தில் இரகசியப் பொலிசான ஸ்டாசியின் அலுவலகத்துக்கு மேலால் புகை போகுதெண்டு கதை பரவியது. பேர்லின் சுவர் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே என்ன எரிகிறது என்று ஊருக்கே விளங்கிவிட்டது. பெண்கள் குழுவொன்று முன்னின்று ஆட்களைத் திரட்ட, சனம் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது. ஆவண அறைகளுக்கு முத்திரை வைக்கச் செய்தது, காவலுக்கும் இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் வேறு நகரங்களிலும் இதேதான் நடந்தது. 1990 ஜனவரி 15ஆம் திகதி, பேர்லினில் இருந்த தலைமையகத்துக்குள்ளும் சனம் புகுந்தது.

அவர்கள் ஆரையும் அடிக்கப் போகவில்லை. கடதாசிகளைக் காப்பாற்றப் போனார்கள். தங்களைப் பற்றி, தங்களுக்குத் தெரியாமல் எழுதப்பட்ட கடதாசிகளை.

கம்யூனிஸ்ட் கட்சிகளின் ஆட்சி முடிந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகள் எல்லாமே அதற்குப் பிறகு ஒரே கேள்விக்கு முன்னால் வந்து நின்றன. நடந்த அநியாயத்தை என்ன செய்வது? தண்டிப்பதா, மன்னிப்பதா, மறப்பதா? 'நிலைமாறுகால நீதி' என்ற பெயரில் எங்கட காதில் விழுகிற பேச்சுகளும் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்ளேயே சுத்துகின்றன. இவை எல்லாவற்றுக்கும் முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். நடந்ததைப் பற்றிய அறிவு ஆருடைய கையில் இருக்கிறது? கோப்பு ஆருக்குச் சொந்தம்?

தொடங்க முதல் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் தந்த தமிழ்ப் புத்தகங்களோடு இடதுசாரி வாசிப்புக்குள் வந்தவர்கள் எங்களுக்குள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போய் இந்தக் கதையை எடுத்தால், "அதெல்லாம் மேற்கின்ர பிரச்சாரம்" எண்டு ஒரு பதில் வரும். எதிர்ப்பக்கம் போனால், "பாத்தியா, கம்யூனிசம் எண்டால் இதுதான்" எண்டு ஒரு சந்தோசம் தெரியும். இரண்டு பேருக்கும் அங்கே அடிபட்டவர்களைப் பற்றி அக்கறையில்லை. 1953 ஜூன் 17 கிழக்கு பேர்லினில் தெருவுக்கு இறங்கியவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். 1956இல் போலந்தின் பொஸ்னானிலும், 1970 டிசம்பரில் அதன் கப்பல்கட்டும் நகரங்களிலும் சுடப்பட்டவர்கள் தொழிலாளர்கள். 1981 டிசம்பர் 16 வூயெக் சுரங்கத்தில் பொலிஸ் சுட்டு இறந்த 9 பேரும் சுரங்கத் தொழிலாளர்கள். தொழிலாளர் பேரால் நடந்த ஆட்சி தொழிலாளரைச் சுட்டதைப் பேச முடியாத ஒரு இடதுசாரித்தனம் எங்களுக்கு வேண்டாம். அந்தச் சாவுகளைத் தன் வாதத்துக்கு மட்டும் பாவிக்கிற வலதுசாரித்தனமும் வேண்டாம்.

இப்ப கிழக்கு ஜேர்மனிக்குத் திரும்புவோம். ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பேர் வாழ்ந்த அந்த நாட்டில், 1989இல் ஸ்டாசிக்கு முழுநேரமாக வேலை செய்தவர்கள் சுமார் 91,000 பேர். அதைவிட, இரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். அயலவர், கூட வேலை செய்பவர், தேவாலயத்துப் போதகர், வகுப்புத் தோழி என்று யாரும் இதற்குள் இருக்கலாம். அவர்கள் சேர்த்துவைத்த கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் 111 கிலோமீற்றர் நீளம் வரும். அழிக்க நேரம் போதாமல் கையால் கிழித்து நிரப்பிய மூட்டைகள் மட்டும் சுமார் 16,000. அந்தத் துண்டுகளை மேசையில் பரப்பி, ஒட்டிப் பக்கமாக்குகிற வேலை 1995இல் தொடங்கியது. முப்பது வருசம் ஆகியும் பெரும்பாலான மூட்டைகள் அப்படியே கிடக்கின்றன.

இந்தக் கோப்புகள் திறக்கப்பட்டது தானாக நடந்த விசயம் இல்லை. இரண்டு ஜேர்மனியும் இணைகிற நேரத்தில், மேற்கு ஜேர்மன் அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கே இவற்றைத் திறக்க விருப்பம் இருக்கவில்லை. திறந்தால் பழிவாங்கல் நடக்கும், சமூகம் நஞ்சாகிப் போகும் எண்டு பயந்தார்கள். 1990 செப்டெம்பரில் கிழக்கின் மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் மீண்டும் ஸ்டாசி தலைமையகத்துக்குள் புகுந்து, உண்ணாவிரதம் இருந்தார்கள். கோப்புகள் கிழக்கிலேயே இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்கள் வாசிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அந்த அழுத்தம் இல்லாவிட்டால் 1991 டிசம்பரில் வந்த ஸ்டாசி ஆவணச் சட்டம் இப்படியான ஒரு சட்டமாக வந்திருக்காது.

அந்தச் சட்டத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உங்களைப் பற்றிய கோப்பை நீங்கள் வாசிக்கலாம். உங்களைக் காட்டிக் கொடுத்தவரின் உண்மைப் பெயரை நீங்கள் கேட்டுப் பெறலாம். ஆனால் அதே கோப்பில் வருகிற இன்னொரு பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தை நீங்கள் வாசிக்க முடியாது. அந்த வரிகள் மறைக்கப்பட்டுத்தான் கைக்கு வரும். பெரிய பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பத்திரிகையில் போடவில்லை. ஒவ்வொருவராக வந்து, ஒரு மேசையில் இருந்து, தன் வாழ்க்கையைத் தானே வாசிக்க வழி செய்தார்கள்.

1992 ஜனவரி 2ஆம் திகதி வாசிப்பறை திறந்தது. முதல் நாட்களில் வாசித்தவர்களில் ஒருவர் வெரா வொலன்பெர்கர். ஆட்சிக்கு எதிராகச் செயற்பட்டுச் சிறை போனவர், பிறகு பாராளுமன்ற உறுப்பினர் ஆனவர். தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களில் ஒருவர் தன் கணவர் என்பதை அந்தக் கோப்பில்தான் அறிந்துகொண்டார். இதைவிடப் பெரிய இடி ஒரு மனிசிக்கு விழ ஏலாது. ஆனாலும் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம் எண்டு நாங்கள் அவருக்காக முடிவெடுக்க முடியுமா? அந்த முடிவை எடுக்கிற உரிமை அவருக்குத்தானே இருக்கு.

எதிர்பார்த்த இரத்தக்களரி நடக்கவே இல்லை. தங்கட கோப்புகளைப் பார்க்க இதுவரை முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. குடும்பங்கள் உடைந்தன, நட்புகள் முறிந்தன, சிலர் மன்னித்தார்கள், பலர் பேசாமல் விட்டார்கள். ஆனால் "உண்மை தெரிஞ்சால் சனம் ஆளை ஆள் வெட்டிக் கொல்லும்" என்ற பயம் பொய்யாகிப் போனது. அந்தப் பயத்தை அதிகம் பேசியவர்கள் பெரும்பாலும் வாசிக்கக் கோப்பு இல்லாதவர்கள்.

இனி செக்கோஸ்லோவாக்கியா. அங்கே 1991 ஒக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. பழைய இரகசியப் பொலிஸில் இருந்தவர்கள், அதற்குத் தகவல் கொடுத்ததாகப் பதிவானவர்கள், கட்சியின் உயர் பதவிகளில் இருந்தவர்கள் அரசின் முக்கிய பதவிகளில் குறிப்பிட்ட காலத்துக்கு இருக்க முடியாது என்றது. ஜனாதிபதி வாட்ஸ்லாவ் ஹாவெல் பழைய ஆட்சியில் பல வருசம் சிறையில் இருந்தவர். அவரே இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட கையோடு, அதைத் திருத்த வேண்டும் என்று பாராளுமன்றத்தைக் கேட்டார். பதிவேட்டில் பெயர் இருப்பதே குற்றத்துக்குச் சான்றாகுமா என்பதுதான் பிரச்சினை. ஐந்து வருசத்துக்கு என்று வந்த சட்டம் பிறகு கால எல்லையே இல்லாமல் நீண்டது.

1992இல் இன்னும் மோசமான ஒன்று நடந்தது. இரகசியப் பொலிஸின் ஆட்கள் என்று சொல்லி இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை ஒரு பத்திரிகை வெளியிட்டது. பெயர், பிறந்த திகதி, புனைபெயர், அவ்வளவுதான். ஆர் காசுக்காகச் செய்தவர், ஆர் அடிவாங்கிக் கையெழுத்திட்டவர், ஆர் ஒரு நாள் விசாரணைக்குப் போய் ஒன்றுமே சொல்லாமல் வந்தவர், ஒரு விளக்கமும் இல்லை. அதில் ஸ்டெனா சலிவரோவா என்ற எழுத்தாளரின் பெயரும் இருந்தது. நாட்டைவிட்டுப் போய், ரொறன்ரோவில் பதிப்பகம் நடத்தி, தாய்நாட்டில் தடை செய்யப்பட்ட செக் புத்தகங்களை அச்சிட்டவர் அவர். தன் பெயரைத் துடைக்க அவர் நீதிமன்றப்படி ஏற வேண்டி வந்தது. வழக்கில் வென்றார். ஆனால் பட்டியலை வாசித்த எல்லாரும் தீர்ப்பையும் வாசித்திருப்பார்களா?

பாருங்கோ, ஒரே மாதிரிக் கடதாசிதான். பேர்லினில் அது பாதிக்கப்பட்டவரின் மேசைக்கு வந்தது. பிராக்கில் அது தெருச் சந்தியில் விரிந்தது. முதலாவது ஒருவருக்கு அவருடைய வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டாவது ஒருவரின் வாழ்க்கையை ஊரிட்டக் கொடுத்தது.

மூன்றாவது வழி போலந்தினுடையது. 1989இல் கட்சியும் எதிர்த்தரப்பும் வட்டமேசையில் இருந்து பேசி, சாவு இல்லாமல் ஆட்சி கை மாறியது. அது சின்ன விசயம் இல்லை. புதிய பிரதமர் தாடெயுஷ் மசொவியெட்ஸ்கி, கடந்த காலத்துக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு தடித்த கோடு போடுகிறோம் என்ற பொருளில் பேசினார். முந்தின ஆட்சியின் செயல்களுக்குத் தன் அரசாங்கம் பொறுப்பில்லை என்றுதான் அவர் சொல்ல வந்தார். நாடு அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டது: "நடந்தது நடந்து போச்சு, விடுங்கோ."

விட்டதால் என்ன நடந்தது? பழைய உள்துறை அமைச்சர் செஸ்லாவ் கிஷ்சாக் 1990 நடுப்பகுதி வரை அதே பதவியில் இருந்தார். அந்தக் காலத்தில் கோப்புகள் எரிந்தன. 2005இல் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெரிய பெயர்ப் பட்டியல் வெளியே கசிந்தது. அதிகாரிகள், தகவல் கொடுத்தவர்கள், தகவலாளியாக்க முயன்று முடியாமல் போனவர்கள் எல்லாரும் அகரவரிசையில் ஒன்றாகக் கிடந்தார்கள். 2015இல் கிஷ்சாக் இறந்தார். 2016 பெப்ரவரியில் அவருடைய மனைவி, வீட்டில் வைத்திருந்த கோப்புகளை விற்க முன்வந்தார். அதற்குள் லேக் வலேன்சாவைப் பற்றிய கோப்பும் இருந்தது. சொலிடாரிட்டி இயக்கத்தின் தலைவர், நொபெல் பரிசு பெற்றவர், நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர், 1970களின் தொடக்கத்தில் இரகசியப் பொலிசுக்குத் தகவல் கொடுத்தார் என்றது அந்தக் கோப்பு. அவர் மறுத்தார். கையெழுத்து அவருடையதுதான் என்று ஆவணக் காப்பகம் கேட்ட நிபுணர்கள் சொன்னார்கள்.

இருபத்தாறு வருசமாக அந்தக் கோப்பு ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் இருந்திருக்கிறது. தடித்த கோடு போட்டதால் கடந்த காலம் மறைந்து போகவில்லை. அது பழைய எசமானின் அலுமாரிக்குள் போய் இருந்துகொண்டது, அவ்வளவுதான். 1990இலேயே வெளிவந்திருந்தால் போலந்து மக்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள்? 1970 டிசம்பரில் தொழிலாளர்களைச் சுட்ட பிறகு, பிடிபட்ட ஒரு இளம் மின்தொழிலாளிக்கு என்ன நெருக்குதல் இருந்திருக்கும், அதிலிருந்து அவர் எப்படி வெளியே வந்து நாட்டையே அசைத்தார் என்று பேசியிருக்கலாம். 2016இல் வந்தபோது அது கட்சிச் சண்டைக்கு இன்னொரு கல்லாகத்தான் பயன்பட்டது.

"கோப்பு, கோப்பு எண்டு கதைக்கிறியள், தண்டனை எங்க?" எண்டு சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஜேர்மனி வழக்குப் போட்டது. கிழக்கு ஜேர்மனியின் தலைவராக இருந்த எரிக் ஹொனெக்கருக்கு எதிரான வழக்கு 1992 நவம்பரில் தொடங்கி, அவருடைய புற்றுநோய் காரணமாக 1993 ஜனவரியில் நின்றது. அவர் சிலிக்குப் போய் அடுத்த வருசம் இறந்தார். மூன்று தசாப்தத்துக்கு மேல் ஸ்டாசியை நடத்திய எரிக் மீல்கேவுக்கு ஆறு வருசச் சிறை கிடைத்தது. எதற்காகத் தெரியுமா? 1931இல் பேர்லினில் இரண்டு பொலிஸ்காரரைக் கொன்றதற்காக. ஸ்டாசிக்காக இல்லை. இலட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கைக்குள் கை வைத்த மனிதரை, அறுபது வருசத்துக்கு முந்தின வேறொரு கொலைக்காகத்தான் சட்டத்தால் பிடிக்க முடிந்தது.

எல்லைக் காவலர்களுக்கு எதிரான வழக்குகள் இன்னும் சிக்கலானவை. 1989 பெப்ரவரி 5ஆம் திகதி இரவு, 20 வயது கிறிஸ் கெவ்ரோய் சுவரைக் கடக்க முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். பேர்லின் சுவரில் துப்பாக்கிச் சூட்டால் இறந்த கடைசி ஆள் அவர். சுட்டவரும் அவர் வயதை ஒத்த இளைஞர்தான். "கட்டளைப்படி செய்தன், அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தது" என்பதுதான் காவலர்களின் வாதம். ஓடுகிற நிராயுதபாணியைச் சுடச் சொல்கிற சட்டம் சட்டமே இல்லை என்று ஜேர்மன் நீதிமன்றங்கள் சொல்லின. பல காவலர்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனைதான் கிடைத்தது. கட்டளை போட்ட மேலிடத்தில் இருந்த எகோன் கிரென்ஸுக்கு 1997இல் ஆறரை வருசச் சிறை. 2001இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதைச் சரி என்றது. சின்னவனுக்குக் குறைவாகவும் பெரியவனுக்குக் கூடவும் தண்டனை போனது இந்தக் கதையில் நாங்கள் மதிக்கிற இடம்.

ஆனால் மொத்தக் கணக்கு சின்னது. சுமார் 1 இலட்சம் பேருக்கு எதிராக விசாரணைகள் நடந்தும், தண்டனைத் தீர்ப்பு வந்தது சில நூறு பேருக்குத்தான். உண்மையில் சிறைக்குள் போனவர்கள் சில பத்துப் பேர். நீதியைக் கேட்டோம், சட்டத்தின் ஆட்சி கிடைத்தது என்ற பொருளில் அந்நாட்டுச் செயற்பாட்டாளர்கள் கசப்போடு சொன்னது இதைத்தான். ருமேனியா எதிர்த்திசையில் போனது. 1989 நத்தார் தினத்தன்று சௌசெஸ்கு தம்பதியரை ஒரு மணித்தியால அளவு விசாரணைக்குப் பிறகு சுட்டுவிட்டார்கள். தொலைக்காட்சியில் பிணத்தைக் காட்டினார்கள். அவர்களுக்குக் கீழே இருந்த கட்சிக்காரர் பலர் புதிய ஆட்சியில் தொடர்ந்தார்கள். அரசியல் கைதிகள் செத்துப்போன ஒரு சிறையின் தலைவராக 1950களில் இருந்த அலெக்சாண்ட்ரு விஷினெஸ்குவுக்குத் தண்டனை கிடைக்க 2015 ஆகிவிட்டது. அப்ப அவருக்கு ஏறக்குறைய 90 வயது. ஆகவே வேகமான தண்டனையை நீதி எண்டு நாங்கள் ஏமாறக் கூடாது. ஒருவரைச் சுட்டுவிட்டுப் பத்தாயிரம் பேரைக் காப்பாற்றவும் முடியும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், நீதிமன்றம் தேவை. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரு சிறங்கை ஆட்களைத்தான் தொட்டது. மற்ற இலட்சக்கணக்கானவர்களுக்கு நீதி என்று கையில் கிடைத்தது எது? தனக்கு என்ன நடந்தது, ஏன் பல்கலைக்கழக அனுமதி மறுக்கப்பட்டது, ஏன் வேலை போனது, ஆர் சொன்னது என்று தெரிந்துகொண்டதுதான்.

ஜேர்மன் வழியிலும் குறை இருக்கு. ஊரெல்லாம் தகவல் கொடுத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்க, அவர்களை வேலை வாங்கிய முழுநேர அதிகாரிகளில் பெரும்பாலானோரின் பெயரை ஆரும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கட்டளை போட்ட கட்சி அதைவிடப் பின்னுக்குப் போய்விட்டது. காட்டிக் கொடுத்தவனைத் திட்டுறது சுகம். காட்டிக் கொடுக்க வைத்த இயந்திரத்தை விளங்கிக்கொள்வது கஷ்டம். அரசியல் கைதிகளாக இருந்தவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு வந்தது 2007இல். நாடு இணைந்து 17 வருசம் கழித்து.

கோப்பை எழுதினது பொலிஸ் என்பதையும் மறக்கக் கூடாது. எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃபைப் பாருங்கோ. 1959 முதல் 1962 வரை அவர் ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்தார் என்பது 1993இல் வெளிவந்தபோது பெரும் கூச்சல். அதே ஸ்டாசி பிறகு அவரையே பல வருசம் கண்காணித்து எழுதிய கோப்புகள் 42 தொகுதிகள். இவர் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவரா? இரண்டும்தான். பட்டியலில் ஒரு பெயருக்கு ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் இந்த மனிசி அடங்கமாட்டா. முழுக் கோப்பையும் வாசித்தால்தான், ஆட்சி ஒரு ஆளை எப்படிப் பிடிக்கும், எப்படிப் பாவிக்கும், பிறகு எப்படித் துரத்தும் என்று தெரியவரும்.

'மற்றவர்களின் வாழ்க்கை' என்ற ஜேர்மன் படத்தைக் கணபேர் பார்த்திருப்பியள். ஒட்டுக்கேட்கப் போன ஸ்டாசி அதிகாரி மனம் மாறி எழுத்தாளரைக் காப்பாற்றுவார். ஒஸ்கார் பெற்ற நல்ல படம். ஆனால் அது எடுக்கப்பட்ட நேரம், பழைய ஸ்டாசி சிறையில் இருக்கிற நினைவிடத்தின் இயக்குநர் அங்கே படம்பிடிக்க அனுமதி கொடுக்கவில்லை. அப்படி மனம் மாறிக் காப்பாற்றிய ஒரு ஸ்டாசி அதிகாரியை வரலாற்றில் காட்ட முடியாது என்பது அவருடைய காரணம். எங்களுக்கு அந்த மறுப்பு பிடித்திருக்கு. சமூகங்கள் கடந்த காலத்தோடு சமாதானம் செய்ய அவசரப்படும்போது, நல்ல அதிகாரி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளும். கோப்பு அந்தக் கற்பனையை விடாது.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான். கோப்பு முதலில் பாதிக்கப்பட்டவருக்குச் சொந்தம். அவர் வாசிக்க விரும்பினால் வாசிக்கட்டும், விரும்பாவிட்டால் மூடி வைக்கட்டும். அரசியல்வாதி அதைத் தேர்தலுக்குத் தேர்தல் எடுத்து ஆட்டக் கூடாது. பத்திரிகை அதைப் பட்டியலாக்கக் கூடாது. பழைய அமைச்சர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மன்னிப்பதும் மறப்பதும் தெரிந்துகொண்ட பிறகு செய்கிற காரியங்கள். என்ன நடந்தது என்றே சொல்லாமல் "மன்னிச்சு விடு" எண்டு கேட்கிறவரிடம், எதை மன்னிக்கச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இதில் காலமும் முக்கியம். ஏர்ஃபுர்ட் பெண்கள் ஒரு கிழமை பிந்திப் போயிருந்தால் எத்தனை கோப்பு சாம்பலாகியிருக்கும்? அவர்களிடம் சட்டமோ, ஆணைக்குழுவோ, வெளிநாட்டு நிபுணரோ இருக்கவில்லை. புகை போகுதெண்ட கதை ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்டுக் கையோடு போனார்கள்.